வாய் திறக்காத பெட்டி

1994 ஆகஸ்ட் 28. பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் மைக்கேல் ஷூமாக்கர் முதலாவதாக வந்து, மேடையேறிக் கோப்பையும் வாங்கிவிட்டார். அதன் பிறகு அந்த வெற்றி செல்லாது என்று அறிவித்தார்கள். எஞ்சினில் கோளாறு இல்லை, எரிபொருளிலும் குறை இல்லை. காரின் அடியில் பொருத்தியிருந்த மரப்பலகை விதி அனுமதித்த அளவுக்கு மேல் தேய்ந்திருந்தது.

அந்த ஆண்டு இமோலா பந்தயத்தில் ரோலண்ட் ராட்சன்பெர்கரும் அயர்ட்டன் சென்னாவும் அடுத்தடுத்த நாட்களில் உயிரிழந்தார்கள். கார்கள் தரையை ஒட்டித் தாழ்வாக ஓடுவதைத் தடுக்க, ஒவ்வொரு காரின் அடியிலும் 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகை கட்டாயம் என்ற விதி அதன் பிறகு வந்தது. ஒரு மில்லிமீட்டர் வரை தேயலாம். அதற்கு மேல் தேய்ந்தால் கார் தாழ்ந்து ஓடியிருக்கிறது என்று பொருள். 2023இல் அமெரிக்கப் பந்தயத்தில் லூயிஸ் ஹாமில்டனும் சார்ல் லெக்லெர்க்கும் இதே பலகைத் தேய்மானத்தால்தான் தகுதி இழந்தார்கள்.

அவ்வளவு வேகத்தில் தரையில் உரசியும் பிளந்து சிதறாத மரம் எது? பீச் மரத்தை மெல்லிய தகடுகளாக உரித்து, பிசின் ஏற்றி, அடுக்கடுக்காக வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் நசுக்கிச் செய்கிற பலகை அது. ஃபார்முலா ஒன்னில் ஜாப்ராக் என்ற பெயரில் அறிமுகமானது. இந்தக் குடும்பத்தில் இன்னும் பல பெயர்கள் உண்டு: பெர்மாலி, லிக்னோஸ்டோன், டெஹோனிட், பான்சர்ஹோல்ட்ஸ். கடைசிப் பெயர்தான் உயர்விலை ஸ்பீக்கர் செய்கிறவர்கள், வாங்குகிறவர்கள் மத்தியில் இப்போது அடிக்கடி அடிபடுகிறது. ஜெர்மனியின் ப்ளோம்பெர்க் நகரில் டெலிக்னிட் நிறுவனம் பான்சர்ஹோல்ட்ஸைத் தயாரிக்கிறது. குண்டு துளைக்காத தடுப்புகளுக்குப் பயன்படும் பலகை இது.

அப்படிப்பட்ட பலகைக்குப் பாட்டுக் கேட்கும் பெட்டியில் என்ன வேலை?

ஸ்பீக்கர் என்றதும் நம் கண் போவது முன்னால் தெரியும் கூம்பின் மேல். காந்தத்தின் இடுக்கில் கம்பிச்சுருள் ஒன்று, அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு ஒன்று. மின்னோட்டம் ஏறி இறங்க, கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925இல் உருப்படுத்திய அமைப்பு இது. இன்றைக்கும் பெரும்பாலான ஸ்பீக்கர்களின் அடிப்படை அதுதான். ஆனால் கூம்பு முன்பக்கக் காற்றைத் தள்ளும் அதே நேரத்தில் பின்பக்கக் காற்றை இழுக்கிறது. இரண்டும் கலந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். முக்கியமாக அடிக்குரல் காணாமல் போகும். பின்பக்க ஒலியை அடைத்து வைக்கத்தான் பெட்டி வந்தது.

அடைபட்ட ஒலி சும்மா இருக்குமா? உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்கி நான்கு பக்கச் சுவர்களையும் நெட்டித் தள்ளுகிறது. போதாததற்கு, கூம்பு முன்னால் பாயும்போது அதைத் தாங்கும் இரும்புச் சட்டகம் பெட்டியைப் பின்னால் உதைக்கிறது. இந்த இரண்டு தொல்லையிலும் சுவர் அதிரத் தொடங்குகிறது. அதிர்கிற சுவரும் ஒரு ஸ்பீக்கர்தான்.

இது எவ்வளவு பெரிய ஸ்பீக்கர் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். தரையில் நிற்கும் ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம்: 100 சென்டிமீட்டர் உயரம், 25 அகலம், 35 ஆழம். ஆறு பக்கங்களையும் கூட்டினால் 13,750 சதுர சென்டிமீட்டர். அதில் பொருத்தும் ஆறரை அங்குலக் கூம்பின் பரப்பு ஏறத்தாழ 137 சதுர சென்டிமீட்டர். பெட்டி நூறு மடங்கு பெரியது. கூம்பு அசைவதில் நூறில் ஒரு பங்கு சுவர்கள் எல்லாம் ஒருசேர அசைந்தால்கூட, பெட்டி தள்ளும் காற்றும் கூம்பு தள்ளும் காற்றும் சமமாகிவிடும். நிஜத்தில் எல்லாச் சுவர்களும் ஒரே திசையில் ஒரே நேரத்தில் அசைவதில்லை. அதனால் நிலைமை அவ்வளவு மோசமாவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு சுவருக்கும் அது விரும்பி அதிரும் சுருதி ஒன்று உண்டு. பாட்டில் அந்தச் சுருதி வரும்போதெல்லாம் சுவர் கூடச் சேர்ந்து பாடும், பாட்டு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ரீங்கரிக்கும். நல்ல அடிக்குரல் உள்ள பாட்டை வைத்துவிட்டு, ஸ்பீக்கரின் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் இது யாருக்கும் புரியும். விரலில் ஏறும் அந்தத் துடிப்பு இசையமைப்பாளர் எழுதியதல்ல.

வீணையின் குடத்தைப் பலா மரத்தில் குடைகிறவர் அந்த மரம் பாட வேண்டும் என்று குடைகிறார். தந்தியின் மெல்லிய ஒலியைக் குடம் வாங்கித் தன் குணத்தையும் சேர்த்துத் தருவதால்தான் அது வீணை. ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவரின் வேலை இதற்கு நேர் எதிர். பதிவான வீணையில் குடத்தின் குரல் ஏற்கெனவே இருக்கிறது; பெட்டியும் தன் பங்குக்கு ஒரு குரல் கொடுத்தால் கேட்கிறவருக்கு இரண்டு குடம் கேட்கும். பெட்டி வாயைத் திறக்கக் கூடாது.

அதற்கு ஒரு பொருளிடம் மூன்று குணங்கள் வேண்டும். விறைப்பு வேண்டும்; விறைப்பு கூடினால் சுவர் அதிரும் சுருதி மேலே போகும், அங்கே அதைத் தூண்டும் சக்தி குறைவு. எடை வேண்டும்; கனமான சுவரை அசைப்பது கடினம். மூன்றாவது, அதிர்வை உள்ளேயே தின்று வெப்பமாக்கிவிடும் தணிப்புக் குணம். சிக்கல் என்னவென்றால் இந்த மூன்றும் ஒரே பொருளில் அரிதாகவே சேர்கின்றன. அலுமினியம் நல்ல விறைப்பு, ஆனால் தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும். ஈயம் கனமானது, அதிர்வைத் தின்றுவிடும், ஆனால் துவண்டு போகும். சாதாரணக் கடைகளில் விற்கும் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் எம்.டி.எஃப். பலகையில் செய்தவை, மரநாரைப் பசையோடு அழுத்திய அந்தப் பலகை மலிவு, எங்கும் ஒரே சீராக இருக்கும், ஓரளவு தணிப்பும் உண்டு, விறைப்புதான் போதாது.

பெட்டியை வாயடைக்க மனிதர்கள் செய்து பார்த்த முயற்சிகள் ஒரு தனி வரலாறு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1932இல் வார்ஃபடேல் நிறுவனத்தைத் தொடங்கிய கில்பர்ட் பிரிக்ஸ், இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே உலர்ந்த மணலைக் கொட்டி நிரப்பினார். பலகை அசைந்தால் மணல் துகள்கள் ஒன்றோடொன்று உரசி அந்தச் சக்தியைத் தின்றுவிடும். அடுத்தவர்கள் காங்கிரீட்டில் வார்த்தார்கள், களிமண் குழாயில் செய்தார்கள். ஜெர்மனியில் ஃபிஷர் அண்ட் ஃபிஷர் நிறுவனம் ஸ்லேட் கல்லை அறுத்துப் பெட்டி செய்கிறது. 1980களில் செலஸ்டியன் நிறுவனம், விமானத்தில் பயன்படும் ஏரோலாம் என்ற தேன்கூட்டு அலுமினியப் பலகையை எஸ்.எல்.600 என்ற மாடலுக்குக் கொண்டுவந்தது. அதே காலத்தில் பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் நிறுவனம் வேறு வழியில் போனது. பெட்டிக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பலகைகளைக் கோத்து, முட்டைப் பெட்டியின் அட்டைத் தடுப்பைப் போல ஒரு சட்டகத்தை அடைத்து, அதற்கு மேட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தது. சுவரைத் தடிமனாக்குவதைவிட, தாங்காமல் கிடக்கும் நீளத்தைத் துண்டு துண்டாகக் குறைப்பது மேல் என்ற கணக்கு அது. லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளர்கள் நம்பிக் கேட்ட பெட்டிகள் இவை.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் வில்சன் ஆடியோ, பீனாலிக் பிசினை அடிப்படையாகக் கொண்ட ஒரு கலவைப் பலகையை எக்ஸ் மெட்டீரியல் என்ற பெயரில் பயன்படுத்துகிறது. கலிஃபோர்னியாவின் மேஜிகோ முதலில் பிர்ச் பிளைவுட்டை அடுக்கிச் செய்து பேர் வாங்கியது. பிறகு அலுமினியத்துக்கு மாறி, அதன் மணியொலியை அடக்க உள்ளே கடுமையான சட்டகம் கட்டுகிறது.

எல்லோரும் விறைப்பையும் எடையையும் துரத்திக்கொண்டிருந்தபோது, பி.பி.சி.யின் ஆய்வுப் பிரிவு நேர் எதிர்த் திசையில் நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். ஹெச்.டி.ஹார்வுட்டும் அவர் குழுவினரும் பெட்டிச் சுவரை மெல்லியதாக, பிர்ச் பிளைவுட்டில் செய்து, உள்பக்கம் தார்ப்பிசுக்கு ஏற்றிய தணிப்புத் தகடுகளை ஒட்டினார்கள். சுவர் அதிரட்டும், ஆனால் அதிர்ந்த வேகத்தில் அடங்கட்டும். அதுவும் மனிதக் குரலின் முக்கியச் சுருதிகளுக்குக் கீழே அதிரட்டும் என்பது அவர்கள் எண்ணம். 1970களில் ஒலிபரப்பு வேன்களுக்காக அவர்கள் வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ என்ற சிறிய பெட்டி, மனிதக் குரலை உள்ளபடி தருவதில் இன்றும் அளவுகோல். அதன் தயாரிப்பில் ஒரு கட்டத்தில் ஒலி கெட்டுப்போனது. ஸ்பீக்கர் அலகுகள் அதேதான், சர்க்யூட்டும் அதேதான். தேடிப் பார்த்ததில், பெட்டியின் மூலைகளில் உள்ளே ஒட்டும் மரக்குச்சிகள் பீச் மரத்தில் இருக்க வேண்டியவை, பரானா பைன் மரத்தில் செய்யப்பட்டிருந்தன. விரல் தடிமன் குச்சிக்கு மரம் மாறியதும் பெட்டியின் குரல் மாறிவிட்டது. பி.பி.சி. தன் ஆய்வறிக்கையிலேயே இதைப் பதிவு செய்திருக்கிறது. மரம் முக்கியமா என்று சந்தேகிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

இப்போது நசுக்கிய மரத்துக்கு வருவோம்.

மரம் என்பது பாதி வெற்றிடம். நுண்ணோக்கியில் பார்த்தால் நீண்ட குழாய்களின் கட்டு. குழாய்ச் சுவர்தான் மரம், நடுவே காற்று. அந்தச் சுவரின் அடர்த்தி கிட்டத்தட்ட எல்லா மரத்துக்கும் ஒன்றுதான், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1,500 கிலோ. தேக்கு, பால்சா, பீச் எல்லாம் எடையில் வேறுபடுவது உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்பதால்தான். காய்ந்த பீச் கன மீட்டருக்கு ஏறத்தாழ 700 கிலோ. அதாவது பாதிக்கும் மேல் காற்று. அந்தக் காற்றைப் பிழிந்து வெளியேற்றிவிட்டால்? பலகையின் தடிமன் பாதியாகும், அடர்த்தி இரட்டிக்கும். பான்சர்ஹோல்ட்ஸின் அடர்த்தி சுமார் 1,350 கிலோ. மரத்தை எந்த அளவுக்கு அடர்த்தியாக்க இயற்கை இடம் கொடுக்கிறதோ, அந்த எல்லைக்கு மிக அருகில் வந்துவிட்ட பலகை இது. தண்ணீரில் போட்டால் மூழ்கும்.

சொல்வதற்கு எளிது. வெறுமனே அழுத்திய மரம் அழுத்தியபடியே இருக்காது. ஈரம் பட்டதும் குழாய்கள் ஊதி, பலகை பழைய தடிமனை நோக்கித் திரும்பும். இந்தத் திரும்பும் குணத்தை முறித்தவர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் உள்ள அரசு வனப்பொருள் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட் ஸ்டாமும் ரேமண்ட் செபோர்கும். நீரில் கரையும் நிலையில் உள்ள பீனாலிக் பிசினின் சிறு மூலக்கூறுகள், மரக்குழாயின் சுவருக்குள்ளேயே புகுந்துகொள்ளும் என்பதைப் பயன்படுத்தினார்கள். பிசின் ஊறிய மரம் சூட்டில் இளகி, எளிதாக நசுங்கும். அதே சூட்டில் பிசின் இறுகிப் பூட்டிவிடும். கம்ப்ரெக் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். லியோ பேக்லண்ட் 1907இல் கண்டுபிடித்த பேக்லைட் இந்தப் பிசின் வகைதான். பழைய வீடுகளின் சுவரில் இருந்த கறுப்பு ஸ்விட்ச்சுகளை நினைத்தால் அதன் கடினம் தெரியும்.

போர்க்காலம் இந்த மரத்தை ஆகாயத்துக்கு அனுப்பியது. பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் பலவற்றில் ரோட்டால் நிறுவனத்தின் விசிறிகளுக்கு ஜாப்லோ, ஹைடுலிக்னம் என்ற அழுத்திய மரங்களில் இறக்கைகள் செய்தார்கள். அலுமினியம் வேறு பல தேவைகளுக்கு வேண்டியிருந்தது ஒரு காரணம். தரையில் இடித்தால் மர இறக்கை நொறுங்கிப்போகும், எஞ்சின் தப்பும் என்பது இன்னொரு நன்மை.

போர் முடிந்தபின் இந்த மரம் நம் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் போய் உட்கார்ந்துகொண்டது. மின்மாற்றிகளுக்குள் எண்ணெயில் மூழ்கி, கம்பிச்சுருள்களை இறுக்கிப் பிடிக்கும் வளையங்களும் கட்டைகளும் இந்த மரத்தில் செய்தவை. போபாலின் பெர்மாலி வாலஸ் நிறுவனம் இதைத்தான் தயாரிக்கிறது. மைனஸ் 162 டிகிரியில் எரிவாயுவைச் சுமக்கும் தொட்டிகளைத் தாங்கும் கட்டைகளும் இதிலேயே. விசைத்தறியில் பாவுக்குள் இடம் வலமாகப் பாயும் நாடாவுக்கும் அழுத்திய மரம் நெடுங்காலம் பயன்பட்டது, நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் அடி வாங்கியும் பிளக்காது என்பதால். ஸ்பீக்கருக்கு வருவதற்கு முன்பே அடியையும் உதையையும் அதிர்வையும் பார்த்துப் பழகிய மரம் இது.

பான்சர்ஹோல்ட்ஸ் ஆலையில் பீச் மரக்கட்டைகளை ஆவியில் வேகவைத்து, பென்சில் சீவும் விதத்தில் சுற்றிச் சுற்றி உரித்துத் தகடாக்குகிறார்கள். காயவைத்து, பிசின் ஏற்றி, ஒரு தகட்டின் ரேகை நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் போகும்படி அடுக்கி, பெரிய சூட்டு அழுத்தியில் நசுக்குகிறார்கள். வெளிவரும் பலகை அடர்பழுப்பு நிறம். அறுத்த விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தால் வழுவழுவென்று கல் மாதிரி இருக்கும். உற்றுப் பார்த்தால் மட்டுமே தகடுகளின் மெல்லிய கோடுகள் வெளிறியும் கருத்தும் தெரியும். விரல் முட்டியால் தட்டினால் “டொக்” என்று ஒரே ஓசை, அதுவும் உடனே செத்துவிடும். அலுமினியத் தகட்டைத் தட்டியவுடன் இதைத் தட்டினால் வித்தியாசம் விளங்கும். எடையும் விறைப்பும் கூடியும், மரநாரின் தணிப்புக் குணம் போய்விடவில்லை. அந்த மூன்று குணங்களும் ஒரே பலகையில் இந்த அளவுக்குச் சேர்வது அபூர்வம். ஸ்பீக்கர் செய்கிறவர்கள் இதைத் தேடிப் போவதற்கு அதுவே காரணம்.

பவேரியாவின் கைசர் அக்கூஸ்டிக்ஸ் இதில் முதலில் நினைவுக்கு வரும் பெயர். உள்ளரங்க மரவேலையில் பழகிய குடும்பத் தொழிலிலிருந்து ஸ்பீக்கருக்கு வந்தவர்கள். அவர்களுடைய கவேரோ வரிசையின் விவாச்சே, கியாரா போன்ற மாடல்களின் பெட்டி முழுக்க பான்சர்ஹோல்ட்ஸ். சாய்ந்த சுவர்கள், வெட்டிய மூலைகள் என்று வடிவத்திலும் உழைத்திருக்கிறார்கள். எதிரெதிர்ச் சுவர்கள் இணையாக நின்றால் உள்ளே ஒலி அவற்றுக்கிடையே முன்னும் பின்னும் மோதி ஒரே சுருதியில் தேங்கும். சுவரைச் சாய்த்தால் அது சிதறிவிடும். ஒரு ஜோடியின் விலை நல்ல கார் ஒன்றின் விலை.

ஸ்பீக்கரோடு இது நிற்கவில்லை. லித்துவேனியாவின் ரீட் நிறுவனம் இசைத்தட்டுச் சுழற்றிகளுக்கும், நெதர்லாந்தின் டைகோ ஆடியோ கருவிகளுக்கு அடியில் வைக்கும் தளங்களுக்கும் இதே பலகையைப் பயன்படுத்துகின்றன. இசைத்தட்டின் ஊசி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மேடு பள்ளத்தைப் படிக்கிறது. அங்கே அதிராத மரத்தின் பயன் எளிதில் விளங்கும். ஊசியே இல்லாத டிஜிட்டல் கருவிக்கு அடியிலும் இதை வைக்கச் சொல்வது அவ்வளவு எளிதில் விளங்குவதில்லை. வாங்குகிறவர்கள் அங்கே கொஞ்சம் நிதானிப்பது நல்லது.

இத்தனை நல்ல குணம் இருந்தும் எல்லோரும் ஏன் இதில் பெட்டி செய்வதில்லை? தச்சுப் பட்டறையில் ஒரு நாள் இந்தப் பலகையை வைத்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். ஒரு சதுர மீட்டர், 30 மில்லிமீட்டர் தடிமன் பலகை எம்.டி.எஃப். என்றால் 22 கிலோ, பான்சர்ஹோல்ட்ஸ் என்றால் 40 கிலோ. முன்பு கணக்குப் போட்ட அதே பெட்டியை இந்தத் தடிமனில் செய்தால், ஸ்பீக்கர் அலகுகளும் உள்சட்டகமும் சேர்க்காமலே ஏறத்தாழ 48 கிலோ. ஒரு ஆள் தூக்கித் திருப்பி வேலை பார்க்க முடியாது. சாதாரண ரம்பப் பல் சீக்கிரமே மழுங்கி, மரத்தை அறுப்பதற்குப் பதில் தீய்க்கத் தொடங்கும்; கார்பைடு முனை வேண்டும், தொடர்ந்து வேலை என்றால் வைர முனை வேண்டும். பீனாலிக் பிசின் கலந்த தூள் மூச்சுக்கு ஆகாது, அதை உறிஞ்சும் கருவியும் கட்டாயம். ஆணி என்ற பேச்சே இல்லை. திருகு போட வேண்டுமானால் இரும்பில் செய்வது போல முதலில் துளையிட்டு, அதில் மரை வெட்ட வேண்டும். வெட்டிய மரை உறுதியாக நிற்கும் என்பது இதன் தனிச் சிறப்பு. ஒட்டுவதும் தனி வித்தை. வெள்ளைப் பசை மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கித்தான் பிடிக்கும். இங்கே துளையே மூடிவிட்டது. மேற்பரப்பை உரசிச் சொரசொரப்பாக்கி, எபாக்சி போன்ற பசையால் ஒட்ட வேண்டும். பெட்டியின் விலையில் பலகையின் விலை ஒரு பங்குதான்; இந்த உழைப்பும் தேயும் கருவிகளும் பெரும்பங்கு.

சரி, காதுக்கு எவ்வளவு தெரியும்? இதில் விற்பனைப் பேச்சைத் தள்ளிவிட்டு அளவீட்டைப் பார்க்கலாம். அமெரிக்காவின் ஸ்டீரியோஃபைல் பத்திரிகை பல ஆண்டுகளாக, தான் சோதிக்கும் பெட்டிகளின் சுவரில் அதிர்வு உணரியை ஒட்டி, எந்தச் சுருதியில் எவ்வளவு நேரம் அதிர்கிறது என்று வரைபடமாக வெளியிடுகிறது. மலிவான பெட்டிகளின் வரைபடத்தில் பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்ஸ் பகுதியில் உயர்ந்த முகடுகள் தெரியும். ஆண் குரலின் உடலும் செல்லோவின் மார்பும் இருக்கும் பகுதி அது. அங்கே பெட்டி சேர்ந்து முனகினால் குரல் லேசாக மூக்கடைத்தது போலக் கேட்கும். பல கருவிகள் ஒன்றாக ஒலிக்கும்போது ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் கலங்கும். நல்ல பெட்டியில் இந்த முகடு தாழ்ந்து, சீக்கிரம் அடங்கும். அது கற்பனை இல்லை, அளக்கக்கூடிய வித்தியாசம்.

ஆனால் அந்த வித்தியாசம் அழுத்திய மரத்துக்கு மட்டுமே உரியதல்ல. மணலும், மேட்ரிக்ஸ் சட்டகமும், தார்த்தகடு ஒட்டிய பி.பி.சி.யின் மெல்லிய சுவரும் வெவ்வேறு வழியில் அதே இடத்துக்கு வந்திருக்கின்றன. அலகுகளின் தரமும், ஒலியைப் பிரித்து அனுப்பும் சர்க்யூட்டும் சரியாக இல்லாத ஸ்பீக்கரை எந்த மரமும் காப்பாற்றாது. கேட்கும் அறையின் வெற்றுச் சுவர்களில் மோதித் திரும்பும் ஒலி, எந்தப் பெட்டிச் சுவரின் முனகலையும்விடப் பல மடங்கு பெரியது. மற்ற எல்லாவற்றையும் சரிசெய்த பிறகு மிச்சமிருக்கும் கடைசிக் குறையை நீக்க வருவதுதான் பான்சர்ஹோல்ட்ஸ். அந்தக் கடைசிக் குறைக்காக ஒரு தச்சர் வைர முனையோடு 40 கிலோ பலகையில் மல்லுக்கட்டுகிறார் என்பதில் மரியாதைக்குரிய ஒரு பிடிவாதம் இருக்கிறது.

மரத்தை நசுக்கும் வித்தை இன்னும் வளர்கிறது. 2018இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் லியாங்பிங் ஹூவின் குழு, மரத்தை ரசாயனக் கரைசலில் கொதிக்கவைத்து, மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருளில் ஒரு பகுதியை நீக்கி, பிறகு சூட்டில் அழுத்தியது. பிசின் சேர்க்காமலே பத்து மடங்குக்கு மேல் வலுவான மரம் கிடைத்ததாக நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். கட்டடத்தை மனதில் வைத்து செய்த வேலை அது. பிசின் இல்லாத அடர்மரம் மலிவாகக் கிடைக்கும் நாளில், ஸ்பீக்கர் தச்சர்கள் அதைத் தட்டிப் பார்க்காமல் விடமாட்டார்கள்.

அதுவரை, சொந்தமாகப் பெட்டி அடிக்க ஆசைப்படுகிறவர் ஜெர்மனியிலிருந்து பலகை வரவழைக்க வேண்டியதில்லை. 18 மில்லிமீட்டர் நல்ல பிளைவுட் போதும். பக்கச் சுவர்கள் இரண்டையும் இணைத்து உள்ளே குறுக்குச் சட்டங்கள் கொடுக்க வேண்டும். அவற்றைச் சம இடைவெளியில் வைக்காமல் கொஞ்சம் ஏறுமாறாக வைத்தால், சுவரின் துண்டுகள் எல்லாம் ஒரே சுருதியில் அதிராது. பிறகு பாட்டை ஓடவிட்டு, டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பைச் சுவரில் அங்குலம் அங்குலமாக நகர்த்திக் கேட்க வேண்டும். முனகும் இடம் தானாகக் காட்டிக்கொடுக்கும். கார் கதவு அதிராமல் இருக்க ஒட்டும் பிட்டுமன், பியூட்டைல் ஷீட்டுகள் கார் உதிரிக் கடைகளில் கிடைக்கின்றன, பி.பி.சி. அன்று ஒட்டிய தகடுகளின் உறவுக்காரப் பொருள்தான். அதை வெட்டி, முனகிய இடத்தின் உள்பக்கம் ஒட்டலாம். சட்டங்களுக்கு நடுவே பலகை அகலமாக வெறுமனே கிடக்கும் இடத்தில் ஒட்டினால் பலன் தெரியும். மூலையை ஒட்டி வைப்பதில் பயனில்லை, அங்கே பலகை ஏற்கெனவே அசையாது.